டர்போ கிங்ஸுக்கு மூன்று மார்க்

டெரிக் தன் வீட்டுப் படியேறி வருவான் என்று ஆன்சி நினைக்கவே இல்லை. அதுவும் கையில் பிளம் கேக் டப்பாவோடு.

கல்மண்டபம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும் 'டெரிக் கேம்ஸ்' கடையில் வருடக் கணக்காக உட்கார்ந்திருந்தவள் அவள். புதிதாக எந்த வீடியோ கேம் வந்தாலும் முதலில் ஆடிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு போர்டில் எழுதி வைப்பாள். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் அந்தப் போர்டைப் பார்த்துத்தான் சிடி வாங்கினார்கள். ஐந்துக்குக் கீழே போனால் அந்த கேமைத் தொடவே மாட்டார்கள். பேர் பரவி, ஒரு வாரப் பத்திரிகை அந்த மார்க்குகளைக் கேட்டு வாங்கிப் பிரசுரிக்க ஆரம்பித்தபோது, அச்சில் வந்தது அவள் அக்கா புருஷன் டெரிக்கின் பெயர். கூடவே கூலிங் கிளாஸ் போட்ட அவன் போட்டோ.

'என் பேரைப் போடச் சொல்லுங்க' என்று ஆன்சி கேட்டதற்கு, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது அவன் சொன்ன பதிலை அவளால் மறக்கவே முடியவில்லை.

"எதிர்க்கடை ஜஹாங்கீர் கையில துட்டு வாங்கிகினு மார்க் போடறவளுக்குப் பேரு ஒரு கேடா?"

அன்றோடு வேலை போயிற்று. கிறிஸ்துமஸ் கழிந்ததும் நிச்சயம் செய்வதாக இருந்த புதுவண்ணாரப்பேட்டை மாப்பிள்ளை வீட்டார், "வெளியில என்னென்னமோ பேசிக்கறாங்களே" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால், பேதுரு கோயில் வாசலில் பேச்சு சட்டென்று நின்றுபோகிறது.

அப்படிச் செய்தவன்தான் இப்போது வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாப்ள, வாங்க." அம்மா வியாகுலம்மாள் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். "ஜெசிந்தா வரலையா?"

"கடையில கீறா அத்தை. சனிக்கிழமை, கூட்டம் ஜாஸ்தி."

ஆன்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

டெரிக் பையிலிருந்து இரண்டு சிடி டப்பாக்களை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஒன்றின்மேல் சிவப்புக் கார் தீப்பொறி பறக்கப் பாய்ந்துகொண்டிருந்தது. டர்போ கிங்ஸ். இன்னொன்றில் சாம்பல் நிறத்தில் ஒரு துறைமுகம், ஒரு சின்னப் படகு. ஸ்டீல் ஹார்பர்.

"பாம்பேலேர்ந்து ஏஜென்ட் வந்துகீறாரு. கருணாகரன்னு பேரு. நார்த் மெட்ராஸுக்கு ஒரே கடை, ஒரே கேம். கிறிஸ்துமஸுக்கு இதுல ஏதாவது ஒண்ணுதான் நான் எடுக்க முடியும். ஒரிஜினல் சரக்கு. எடுத்துட்டா திருப்பித் தர முடியாது. சாயங்காலம் அவரு ரயிலேறிடுவாரு."

"சரி."

"நீ ரெண்டையும் ஆடிப் பாத்து மார்க் சொல்லு."

"உங்களுக்குத்தான் பேரும் போட்டோவும் வருதே. நீங்களே போடுங்க."

டெரிக்கின் சிரிப்பு கொஞ்சம் கோணியது. அவனுக்கு ஜாய்ஸ்டிக் பிடிக்கவே வராது. எந்த கேமிலும் முதல் கட்டத்தைத் தாண்டியது கிடையாது. கடைக்கு வருகிறவர்களுக்கு அது தெரியாது. வீட்டுக்குத் தெரியும்.

"நடந்தது நடந்துபோச்சு ஆன்சி. கோவத்துல ஒரு வார்த்தை வந்துச்சு."

"கடை நெறைய ஆளுங்க முன்னாடி வந்துச்சு. அங்கியே நின்னு, 'ஆன்சியைப் பத்தி நான் சொன்னது பொய்யி'ன்னு சொல்லுவீங்களா?"

அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"இன்னாடி இது, வந்த மனுசன்கிட்ட போய்..." அம்மா சமையலறை வாசலில் நின்றபடி கெஞ்சினாள். "போட்டுக் குடுடீ. உங்க அக்கா வாழற வூடு அது."

ஆன்சி சிடிக்களைக் கையில் எடுத்தாள். எடுத்த கணத்திலேயே அந்த யோசனை வந்துவிட்டது. மாற்றிச் சொன்னால் என்ன? நல்லதை மட்டம் என்று சொல்லி, மட்டத்தை அவன் தலையில் கட்டிவிட்டால்?

யோசனை இனித்தது. அடுத்த நிமிடமே கசந்தது. அப்படிச் செய்தால், அவன் அன்றைக்குக் கடையில் கத்தியது இன்றைக்கு நிஜமாகிவிடும். மார்க்கில் பொய் சொல்கிறவள் என்ற பட்டத்தை அவளே எடுத்துச் சூடிக்கொண்ட மாதிரி.

டெரிக் செருப்பு மாட்டும்போது திரும்பினான்.

"நெட்டுல பாத்தேன். வெள்ளைக்காரன் டர்போ கிங்ஸுக்கு ஒன்பது போட்டுகீறான். அந்தப் படகு கேமுக்கு ஆறுதான். நீ இன்னா சொல்றேன்னு பாக்கலாம்."

சொல்லிவிட்டு அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் மார்க் கேட்க வந்தவனின் தேவை இல்லை. திருடியைப் பிடிக்கக் காத்திருக்கும் காவல்காரனின் கண் அது.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டியதும் ஆன்சிக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. இவன் தன்னை நம்பப் போவதில்லை. தான் என்ன சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம்தான் போவான்.

அப்படியானால் பொய் எதற்கு? நிஜத்தைச் சொன்னாலே போதும்.

"கேக் வெட்டட்டாடீ?" என்றாள் அம்மா.

"வெட்டும்மா," என்றாள் ஆன்சி. வெகுநாள் கழித்து அவளுக்குப் பசித்தது.

* * *

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் அவள், கேம் சிடியும் விற்கும் ஜஹாங்கீரின் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். குறுக்குச் சந்து வழியாகப் போயிருக்கலாம். போகவில்லை. டெரிக் கேம்ஸ் வாசலைத் தாண்டி, வெயிலில், இரண்டு சிடிக்களையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

ஜஹாங்கீர் அவளைப் பார்த்ததும் பதறிப்போனான். முப்பதைத் தொடாத வயது. தன் பெயரை வைத்து ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனதிலிருந்து அவன் அவள் இருக்கும் பக்கம் தலைகாட்டுவதே இல்லை.

"இங்க எதுக்கு வந்த ஆன்சி? பாக்கறவன் இன்னா சொல்வான்?"

"பாக்கட்டும்னுதான் வந்தேன். ரோட்டைப் பாத்த மாதிரி ஒரு மிஷின் குடு. கதவைத் திறந்து வை."

அவன் அவள் கையிலிருந்த டப்பாக்களைப் பார்த்தான். வியாபாரி. என்ன விஷயம் என்று புரிய அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அப்ப நான் உள்ள இருக்கக் கூடாது," என்றான். "நீ ஆடறதை நான் பாத்தேன்னா, நாளைக்கு நீ எனக்கு மார்க் சொன்ன மாதிரி ஆயிடும். டீக்கடையில நிக்கறேன். முடிச்சிட்டுக் கூப்பிடு."

அவன் போன பிறகு ஆன்சி மிஷினைப் போட்டாள். கெட்ட பெயரில் பாதியைச் சுமந்தவன், தன் கடையை விட்டே வெளியே போய் நிற்கிறான். பழியைக் கிளப்பிவிட்டவன் கேக் வாங்கிக்கொண்டு வருகிறான்.

டர்போ கிங்ஸை முதலில் போட்டாள்.

முதல் பந்தயம் பிரமாதம். கார் பளபளத்தது, ரோடு பறந்தது. ஏஜென்ட் இதைத்தான் காட்டியிருப்பான், டெரிக் வாய் பிளந்திருப்பான். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நாலாவது பந்தயத்தில் மழை பெய்ய ஆரம்பித்தது. கார் திணறியது. படம் துண்டு துண்டாக நகர்ந்து, பிறகு அசையாமல் நின்றுவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால், ஜெயித்த மூன்று பந்தயமும் காணோம். மறுபடி முதலிலிருந்து.

பக்கத்து மிஷினில் போட்டாள். அங்கேயும் அதே மழை, அதே இடம். கடைசியாக ஜஹாங்கீர் புதிதாக வாங்கியிருந்த மிஷினில் போட்டாள். அதில் மட்டும் எப்படியோ தாண்டியது.

ஒன்பது போட்ட வெள்ளைக்காரன் பொய் சொல்லவில்லை. அவன் வீட்டில் இருப்பது வேறு கம்ப்யூட்டர். இங்கே ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த மிஷின்கள்தான் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அவற்றில் இந்த மழை தாங்காது. கிறிஸ்துமஸ் காலையில் பிரித்து, பன்னிரண்டு மணிக்குத் திட்டிக்கொண்டு கடைக்கு ஓடி வரப்போகிற கேம் இது.

மூன்று மார்க். அதுவும் அந்த முதல் மூன்று பந்தயத்துக்காக.

ஸ்டீல் ஹார்பர் ஆரம்பத்தில் தூங்கி வழிந்தது. துறைமுகத்தில் ஒரு இழுவைப்படகு. அதை ஓட்டிப் பெரிய கப்பல்களைக் கரைக்கு இழுத்து வர வேண்டும். இதிலென்ன இருக்கிறது என்று நினைத்தாள். பிறகு காற்று மாறியது. கயிறு இறுகியது. பின்னால் கடத்தல்காரர்களின் விசைப்படகு ஒன்று விளக்கில்லாமல் வந்தது. படகை எந்தப் பக்கம் ஒடித்தால் கப்பல் எந்தப் பக்கம் திரும்பும் என்று கை மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. ஒரு கப்பலைப் பாறையில் மோதவிட்டபோது அவள் வாய்விட்டே கத்தினாள். உடனே மறுபடி ஆரம்பித்தாள்.

பழிவாங்க வந்தவள் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துபோனாள்.

அவள் மார்க் போடும் கணக்கு அதுதான். படம், சத்தம் எல்லாம் அப்புறம். தோற்றவன் எழுந்து போகிறானா, மறுபடி ஒரு தடவை என்கிறானா? இந்த கேமில் எழுந்து போக மாட்டான். ஒன்பது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே டெரிக்கின் ஸ்கூட்டர் மெல்ல ஊர்ந்து போனது. சற்றுப் பொறுத்து எதிர்த் திசையில் திரும்பியும் போனது. ஆன்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதட்டோரம் மட்டும் இறுகியது.

ஜஹாங்கீரைக் கூப்பிட்டுக் கடையை ஒப்படைத்தாள்.

"நிஜத்தைத்தானே சொல்லப் போற?" என்றான் அவன்.

"நிஜத்தைத்தான்."

"அப்புறம் ஏன் உன் மூஞ்சி அப்படி கீது?"

அவள் ரோட்டைக் கடந்தாள்.

* * *

கடையில் நிற்க இடமில்லை. எல்லா மிஷினிலும் ஆள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் கருணாகரன், வழுக்கைத் தலை வியர்க்க, ஆர்டர் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லாவில் அக்கா ஜெசிந்தா. தங்கையைப் பார்த்ததும் அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்தாள்.

"வா வா," என்றான் டெரிக் உரக்க. நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே உரக்க. "மார்க் கொண்டாந்தியா?"

ஆன்சியும் குரலை உயர்த்தினாள்.

"டர்போ கிங்ஸ், மூணு. ஸ்டீல் ஹார்பர், ஒன்பது."

டெரிக் சிரிக்க ஆரம்பித்தான். காத்திருந்தது கைக்கு வந்துவிட்ட சிரிப்பு.

"பாத்தீங்களா சார்? ஊரே ஒன்பது போட்டதுக்கு மூணு! எங்க உக்காந்து ஆடிட்டு வர்றா தெரியுமா? எதிர்க்கடையில. ஜஹாங்கீர் கடையில! நான் இதை எடுக்கலைன்னா, நீங்க ரயிலேறறதுக்குள்ள அவன் எடுத்துடுவான். அதுக்குத்தான் இந்த மூணு."

கருணாகரன் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு நிமிஷம் டெரிக். எனக்கு எது போனாலும் ஒண்ணுதான். ஆனா மூணுன்னா ஏன்னு தெரிஞ்சுக்கணும் இல்ல? ஏம்மா, என்ன குறை?"

ஆன்சி அவரைப் பார்க்கவில்லை. டெரிக்கையே பார்த்தாள்.

"கடைக்காரரு கேக்கட்டும் சார். சொல்றேன்."

ஒரே ஒரு வார்த்தை. 'ஏன்?' என்று அவன் கேட்டால் போதும். மழையைப் பற்றி, நின்றுபோகும் படத்தைப் பற்றி எல்லாம் சொல்லிவிடுவாள். அதற்கு அவன், இத்தனை பேர் முன்னால், அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவனாக நிற்க வேண்டும்.

கேள், என்று மனசுக்குள் சொன்னாள். கேட்டுவிடாதே, என்றும் சொன்னாள்.

"இவகிட்ட நான் கேக்கறதா?" என்றான் டெரிக்.

கல்லாவிலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. "அவ மார்க்குல பொய் சொல்ல மாட்டாங்க. கேட்டுக்குங்க."

அவ்வளவுதான். டெரிக்கின் கழுத்து நரம்பு புடைத்தது. "நீ வாயை மூடிகினு கல்லாவைப் பாரு. அக்காளும் தங்கச்சியும் சேந்து எனக்கு யாவாரம் சொல்லிக் குடுக்கறீங்களா?"

பேனாவைப் பிடுங்கி ஆர்டர் பேப்பரில் கையெழுத்துப் போட்டான். டர்போ கிங்ஸ். பெட்டி பெட்டியாக. கருணாகரன் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் ஒரு முறை ஆன்சியைத் திரும்பிப் பார்த்தார்.

டெரிக் அதோடு நிற்கவில்லை. அவள் கண்முன்னாலேயே போனை எடுத்துப் பத்திரிகை ஆபீசுக்குப் போட்டான்.

"சார், டெரிக் பேசறேன். இந்த வாரம் எழுதிக்குங்க. டர்போ கிங்ஸ், ஒன்பதரை. ஸ்டீல் ஹார்பர், நாலு. ஆமா சார், நானே ஆடிப் பாத்தேன். போட்டோ கொஞ்சம் பெருசா போடுங்க."

ஆன்சி அந்தப் போன் பேச்சை ஒவ்வொரு வார்த்தையாகக் குடித்தாள். இத்தனை வருடமாக அவள் மார்க்கில் அவன் வாங்கிக்கொண்ட பெயர். இனி அது அவன் மார்க்கில், அவன் பெயரில், அவன் போட்டோவோடு போகும். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் மழை பெய்து படம் நின்றுபோகும்போது, அந்த வீட்டார் சொல்லப் போவது டெரிக்கின் பெயரைத்தான். பெயர் போனால் எப்படி இருக்கும் என்று அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

அப்போதுதான் மூலையிலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். நீலமேகம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து காக்கி உடுப்போடு வந்திருந்தார். மகளுக்காக எப்போது சிடி வாங்க வந்தாலும், 'நீ சொல்லும்மா, எதை எடுக்கட்டும்?' என்று ஆன்சியிடம் கேட்பவர். இன்றைக்கு அவர் அவளைப் பார்த்தார், டெரிக்கைப் பார்த்தார், தயங்கினார்.

"ஒன்பதரைன்னா நல்லாத்தான் இருக்கும். எம் பொண்ணுக்கு ஒண்ணு எடுத்து வை தம்பி. கிறிஸ்துமஸுக்கு."

ஆன்சியின் வாயில் ஊறிய இனிப்பு சட்டென்று வற்றியது. தன்னையறியாமல் ஒரு அடி முன்னால் வைத்தாள். "அண்ணே..."

கல்லாவைத் தாண்டி ஒரு கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஜெசிந்தா. பிடி வலித்தது.

"சொல்லாத," என்றாள் அக்கா, உதடு அசையாமல். "அவருகிட்ட நான் நாளைக்கு வூட்டுக்கே போய்ச் சொல்லிக்கறேன். இப்ப வெளியில வா."

* * *

கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஜெசிந்தா கைப்பையை இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். ஆன்சி ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள்.

"அக்கா, நில்லு. உனக்குத் தெரியுமா?"

"நாலாவது ரேஸ்ல நின்னுபோகுது. தெரியும்." ஜெசிந்தா திரும்பாமலே சொன்னாள். "நேத்து அவரு குளிக்கப் போன நேரத்துல போட்டுப் பாத்தேன். நீ சின்ன வயசுல எனக்குத்தானே முதல்ல ஆடக் கத்துக் குடுத்த?"

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"சும்மா எங்க இருந்தேன்? நீ பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னேனே."

"அதைக் கேட்டுத்தானே அந்தாளு..." ஆன்சி நின்றுவிட்டாள்.

"அதுக்குத்தான் சொன்னேன்." இப்போது ஜெசிந்தா திரும்பினாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த அந்த மரத்துப்போன முகம் இல்லை இது. கண்ணில் ஈரம் கூட இல்லை. எரிந்தது. "நான் கிழக்குன்னா அவரு மேற்குன்னுவாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து பாத்துகினு கீறேன். ஒரு தடவையாவது அது எனக்குப் பிரயோஜனப்பட வேணாமா?"

காலையிலிருந்து தன் பழி, தன் பழி என்று ஒற்றை ஆளாகப் பொத்தி வைத்திருந்தாள். அக்காவின் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்ற பயம் ஒரு ஓரத்தில் அரித்துக்கொண்டே இருந்தது. இங்கே பார்த்தால் அக்கா அவளுக்கு முன்னால் போய் நிற்கிறாள்.

"கடை படுத்துடும் அக்கா. உனக்கும்தானே அது?"

"படுக்கட்டும்."

"உன்னை இன்னா பண்ணாரு அவரு? அடிச்சாரா?"

எண்ணூர் பஸ் ஒன்று புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. முன்வாசல் கம்பியைப் பிடித்து ஏறிய ஜெசிந்தா, கீழே நின்ற தங்கையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"ஏறு. தனியாப் போறதுக்கு எனக்கு தைரியம் இல்ல. ஒருத்தரைப் பாக்கணும்."

ஆன்சி ஏறிவிட்டாள். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் குலுங்கி நகர்ந்தது.

"எண்ணூர்ல நமக்கு யாரு கீறாங்க?"

"டெரிக்கோட சம்சாரம்."

அக்கா ஏதோ விளையாடுகிறாள் என்று ஆன்சிக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாக்கா உளர்ற? நீதானே அவரு சம்சாரம்?"

ஜெசிந்தா ஜன்னலோர சீட்டில் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

"நானும் போன வாரம் வரைக்கும் அப்படித்தான் நெனச்சிகினு இருந்தேன்."